எட்டுப் புள்ளியும் ஒரு வாட்டர் பம்ப்பும்: முரசுமோட்டைப் பக்கத்து கராஜின் இரண்டு நாள் வகுப்பு

பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ35 வீதியில், முரசுமோட்டையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வாட்டர் பம்ப்பும் உழவு இயந்திரமும் திருத்தும் கராஜ் ஒன்று இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில், அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், வாட்டர் பம்ப்பைத் தாங்களே பராமரித்துச் சிறு பழுதுகளைத் திருத்திக்கொள்வது எப்படி என்று அங்கே வகுப்பு நடத்துகிறார்கள். ஒருவருக்கு 3,500 ரூபா. மதியச் சாப்பாடும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பிளக் ஸ்பனரும் அதற்குள் அடக்கம். கராஜின் பெயரை நான் எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "இருக்கிற சனமே காணும் சேர், பேரைப் போட்டிடாதையுங்கோ" என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். இங்கே பாராட்டோடு குறையும் சொல்லவேண்டி இருப்பதால் அது எனக்கும் வசதியாகப் போயிற்று.

வகுப்புக்குப் போகவேண்டும் என்று கேட்டது என் தங்கை. விசுவமடுவில் முக்கால் ஏக்கரில் மிளகாயும் நிலக்கடலையும் செய்கிறாள். கணவனை இழந்த பின் கிணறு, பம்ப், உரம், சந்தை என்று எல்லாவற்றையும் ஒருத்தியாகவே பார்த்துக்கொள்கிறாள். பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இரண்டு அங்குலப் பம்ப்தான் அவளுடையது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போன பின், பம்ப் வீணாக ஓடும் ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கில் வருகிறது. அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல ஆள் வேண்டும் என்பது நானும் சேர்ந்ததற்கு வெளியே சொன்ன காரணம். இருபத்தேழு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அங்கே புதிதாகக் கற்க ஒன்றும் இராது என்பது உள்ளே இருந்த எண்ணம்.

முதல் நாள் காலையில் பதினான்கு பேர் இருந்தோம். எட்டு ஆண்கள், ஆறு பெண்கள். உரிமையாளர் எந்த முன்னுரையும் இல்லாமல் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். அதில் ஏழு வரிகள். பம்ப் கிணற்றில் இருந்து நீரை எப்படி எடுக்கிறது, இயக்குவதற்கு முன் அதற்குள் ஏன் நீர் ஊற்றவேண்டும், காபரேற்றர் என்ன செய்கிறது, ஏன் முதலில் பெற்றோலும் பிறகு மண்ணெண்ணெயும், தையல் மெசினில் தையல் எப்படி விழுகிறது, சைக்கிள் பிரேக் எப்படிப் பிடிக்கிறது, ஒடியற்கூழ் எப்படிக் காய்ச்சுவது. கடைசி வரி அவருடைய மனைவி சேர்த்ததாம். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு விளங்கும் என்று பத்துக்குப் புள்ளி போடச் சொன்னார். நான் முதல் வரிக்கு எட்டுப் போட்டேன். ஒன்பது போட நினைத்து, அடக்கமாக இருக்கட்டும் என்று ஒன்றைக் குறைத்தேன். பக்கத்தில் தங்கை இரண்டு போட்டிருந்தாள்.

பிறகு தாளைத் திருப்பச் சொன்னார். முதல் இரண்டு வரிகளுக்கும் உரிய விளக்கத்தை, பம்ப்பையே காணாத ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல், இருபது நிமிடத்தில் எழுதவேண்டும், படமும் போடலாம். கராஜுக்குள் பேச்சு நின்றது. தகரக் கூரை வெப்பத்தில் நொடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பம்ப்புக்குள் ஒரு சக்கரம் சுழல்வதால் நீர் இழுக்கப்படுகிறது என்று எழுதிவிட்டு, அடுத்து எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்பதைக் கண்டேன். தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்த உரிமையாளர் என்னிடம் நின்று, "இழுக்குது எண்டால், எதிலை பிடிச்சு இழுக்குது சேர்?" என்று கேட்டார். நீருக்குப் பிடிமானம் ஏது? சுழலும் சக்கரம் தன்னிடம் உள்ள நீரை வெளிப்புறமாக வீசுகிறது. அதனால் நடுவில் அமுக்கம் குறைகிறது. கிணற்று நீரின் மேல் நிற்கும் வளிமண்டலம் நீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. தள்ளுவது காற்று, பம்ப் அதற்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான். காற்று நீரைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு இலேசானது என்பதால், உள்ளே நீர் இல்லாமல் சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் போதிய வெற்றிடம் உண்டாகாது. முதலில் நீர் ஊற்றுவது அதற்காகத்தான்.

இதில் எனக்கு உறைத்தது வேறு ஒரு விடயம். வளிமண்டல அமுக்கம் 76 சென்ரிமீற்றர் இரச நிரலுக்குச் சமம் என்றும், இரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கூடியது என்றும், தொரிசெல்லி 1643இல் காட்டிய பரிசோதனையை வைத்து எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். இரண்டு எண்களையும் பெருக்கினால் 10.3 மீற்றர் வரும். மேலே இருந்து இயங்கும் எந்தப் பம்ப்பும் அதற்குக் கீழே உள்ள நீரை ஏற்ற முடியாது. நடைமுறையில் ஏழு மீற்றரோடு சிரமம் தொடங்கிவிடும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் கிணற்று நீர் இறங்கும்போது பம்ப்பைப் படிக்கட்டு வெட்டிக் கீழே இறக்கி வைக்கிறார்களே, அதற்கான காரணம் என் வகுப்பறைக் கரும்பலகையிலேயே இருந்தது. ஒரு நாளும் அந்தக் கிணற்றைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கத் தோன்றவில்லை.

தங்கையின் தாளில் நான்கு வரிதான் இருந்தது. உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் மெசின் காற்றைத்தான் சுற்றும், காற்றைச் சுற்றித் தண்ணீர் எடுக்கேலாது. புட்வால்வ் (குழாயின் அடியில் நீரைத் திரும்பப் போகவிடாத வால்வு) ஒழுகினால் இரவிரவாகத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிப் போயிருக்கும், காலையில் திரும்ப ஊற்றவேண்டும். சொற்கள் அவளுடையவை. வளிமண்டலம் என்ற சொல் இல்லையே தவிர, என்னுடையதைவிட அது சரியான விளக்கம். இரண்டாவது முறை புள்ளி போடச் சொன்னபோது நான் எட்டை மூன்றாக்கினேன். அவள் இரண்டை இரண்டாகவே விட்டாள். ஏன் கூட்டவில்லை என்று கேட்டேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணா" என்றாள்.

இந்த முறையை உரிமையாளர் எங்கும் படித்துக் கற்கவில்லை. முப்பது வருடமாக வாடிக்கையாளர்களின் கதையைக் கேட்டதில் தானாக வந்தது என்கிறார். ஆனால் யேல் பல்கலைக்கழகத்தில் லியொனிட் ரோசன்பிளிட், பிராங்க் கெயில் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுவேதான். உடுப்பில் வைக்கும் சிப், பூட்டு, ஹெலிகொப்டர் முதலியவை எப்படி இயங்குகின்றன என்பது தமக்கு எவ்வளவு விளங்கும் என்று ஆட்களிடம் புள்ளி போடச் சொல்லி, விளக்கத்தை எழுதவைத்து, மறுபடியும் புள்ளி போடச் சொன்னார்கள்; எழுதிய பின் புள்ளி இறங்கியது. பாகங்கள் கண்ணுக்குத் தெரியும் பொருட்களிலேயே இந்த மயக்கம் கூடுதலாக இருந்தது. ஒரு காரியத்தைச் செய்யும் முறை, கதை போன்றவற்றில் அவ்வளவாக இல்லை. எங்கள் ஒடியற்கூழ் வரியும் அப்படித்தான் நின்றது. சாப்பாட்டுக்கு முன் அதையும் எழுதச் சொன்னார்கள். ஆணோ பெண்ணோ, எழுதுவதற்கு முன் போட்ட புள்ளியே எழுதிய பின்னும் இருந்தது. காய்ச்சத் தெரியாதவர்கள் தெரியாது என்றே முதலில் போட்டிருந்தார்கள்.

மற்ற வரிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை மறைக்கமுடியாது. பம்ப் பற்றிய வரிகளில் ஆண்கள் எல்லோரும் ஆறுக்கு மேல் போட்டிருந்தோம். பெண்களில் ஒருவர்கூட ஐந்தைத் தாண்டவில்லை. எழுதிய விளக்கங்களில் அந்த இடைவெளி இல்லை. பதினான்கு பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லமுடியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இதே கோலம் பெரிய அளவிலும் காணப்பட்டிருக்கிறது. ஜோய்ஸ் எர்லிங்கரும் டேவிட் டனிங்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு விஞ்ஞான வினாக்கள் பத்தைக் கொடுத்து, எத்தனை சரியாக வந்திருக்கும் என்று கேட்டார்கள். பெண்கள் சராசரியாக 5.8 என்றார்கள், ஆண்கள் 7.1 என்றார்கள். உண்மையில் பெண்கள் எடுத்தது 7.5, ஆண்கள் எடுத்தது 7.9. பிறகு விஞ்ஞானப் போட்டி ஒன்றுக்கு வருகிறீர்களா என்று கேட்டபோது ஆண்களில் 71 சதவீதமும் பெண்களில் 49 சதவீதமும் சம்மதித்தார்கள். என்னை உறுத்துவது இந்தக் கடைசி எண்தான். தாளில் குறைத்துப் போட்ட புள்ளி, தாளோடு நிற்பதில்லை.

உரிமையாளர் இதையே கராஜ் கணக்கில் சொன்னார்: "ஆம்பிளையள் திறந்து பழுதாக்கிப்போட்டுக் கொண்டு வருவினம். பொம்பிளையள் திறக்காமலே கொண்டு வருவினம். ரெண்டிலையும் எனக்கு உழைப்புத்தான்." ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்தால் முடியும் வேலைக்குப் பெண்கள் ஓட்டோ பிடித்துப் பம்ப்பை ஏற்றி வருவார்களாம். ஆண்கள் அதே பழுதுக்குக் காபரேற்றரைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு ஊசியைத் தொலைத்துவிட்டு வருவார்களாம். முன்னதற்குச் செலவு போக்குவரத்துக் கூலி. பின்னதற்குப் புதிய காபரேற்றர்.

ஆனால் இதோடு நிறுத்தியிருந்தால், ஆண்கள் தலைக்கனம் பிடித்தவர்கள், பெண்கள் அடக்கமானவர்கள் என்ற பழைய பாட்டாக அது முடிந்திருக்கும். வகுப்பின் மிகச் சிறந்த பகுதி சாப்பாட்டுக்குப் பின் தையல் மெசினோடு வந்தது. அந்த வரியில் புள்ளிகள் தலைகீழாக இருந்தன. பெண்கள் ஏழும் எட்டும் போட்டிருந்தார்கள். கிளிநொச்சிப் பக்கத்து அறிவியல் நகரில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் பத்தே போட்டிருந்தார். ஆண்களில் பலர் ஒன்று, இரண்டு. மேல்நூல் ஊசியோடு இறங்குகிறது, கீழ்நூல் பொபினில் இருக்கிறது, இரண்டும் பின்னிக்கொள்கின்றன என்பது வரை எல்லோரும் எழுதினார்கள். நூலின் நுனி எங்கும் வெளியில் விடப்படாமல், ஒரு நூல் இன்னொரு நூலைச் சுற்றி எப்படி வருகிறது என்பதை ஒருவராலும் எழுதமுடியவில்லை. பத்துப் போட்ட பெண் சிரித்துக்கொண்டே நான்காக்கினார். உரிமையாளர் மெசினைக் கவிழ்த்து, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். ஊசி சற்று மேலெழும்போது நூல் ஒரு சிறு தடமாக, வளையம்போல் விரிகிறது. கொக்கி அந்தத் தடத்தைப் பிடித்துப் பொபின் முழுவதையும் அதற்குள்ளால் போகவிடுகிறது. கீழ்நூல் எங்கும் போவதில்லை. மேல்நூல்தான் பொபினைச் சுற்றி வலம் வந்து மேலே இறுக்கப்படுகிறது. நாற்பது வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எங்களில் பலருக்கு அது ஒரு கண்கட்டு வித்தையைக் கழற்றிக் காட்டியதுபோல் இருந்தது.

ஆகவே அளவுக்கு மீறிப் புள்ளி போடுவது ஆணின் உடம்போடு பிறந்த குணம் அல்ல என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பொருள் உன்னுடையது என்று ஊர் சொல்லி வைத்திருக்கிறதோ, அந்தப் பொருளில் ஆள் தன்னைக் கூட்டி மதிக்கிறார். பிறருடையது என்று சொல்லி வைத்ததில் குறைத்து மதிக்கிறார். சில்வியா பேயர் 1990இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவானது. ஆண்களுக்குரியவை என்று கருதப்பட்ட வேலைகளில்தான் பெண்கள் தம் திறனைக் குறைத்து மதித்தார்கள், மற்றவற்றில் அப்படி இல்லை. என்றாலும் ஆண்களை முழுதாக விடுவித்துவிடவும் முடியாது. பல நாட்டு மாணவர்களுக்கும் பொதுவாக நடத்தும் பீசா (PISA) பரீட்சையின்போது, 2012இல், பதினைந்து வயது மாணவர்களிடம் கணித எண்ணக்கருக்களின் பட்டியலைக் கொடுத்து, எவை எவ்வளவு பழக்கம் என்று கேட்டார்கள். அதில் மூன்று, உலகத்திலேயே இல்லாதவை. வேண்டுமென்று புனைந்து சேர்த்தவை. ஒன்பது ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஏறத்தாழ 40,000 மாணவர்களின் விடைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டபோது, ஒன்பதிலும் ஆண் பிள்ளைகளே அந்த இல்லாத மூன்றையும் தெரியும் என்று கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். பொருளே இல்லாத இடத்திலும் அதை யாரோ நமக்கு எழுதி வைத்துவிட்டார்கள்போலும்.

இரண்டாம் ஞாயிறு முழுவதும் பழுது கண்டுபிடித்தல். மூன்று பம்ப்களில் உரிமையாளர் இரகசியமாகப் பழுதுகளைச் செய்து வைத்திருந்தார்: கரி பிடித்த பிளக், மூடிய சோக், தளர்ந்த குழாய்க் கிளிப், ஒழுகும் புட்வால்வ். கை வைக்குமுன் ஒவ்வொருவரும் தமக்குப் படும் காரணத்தையும், அது சரி என்பதில் எத்தனை வீதம் நிச்சயம் என்பதையும் எழுதவேண்டும். இயந்திரம் ஒழுங்காக ஓடியும் நீர் விட்டு விட்டு வந்த பம்ப்புக்கு நான் "காபரேற்றர், 90" என்று எழுதினேன். உறிஞ்சுகுழாயின் கிளிப் தளர்ந்து அதற்குள்ளால் காற்று போய்க்கொண்டிருந்தது. என்னோடு நின்ற இரு இளைஞர்கள் வேறு வேறு பிழையான விடைகளை 80, 95 என்று எழுதியிருந்தார்கள். பெண்களிலும் பிழைவிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் 30, 40 என்று எழுதிப் பிழைவிட்டார்கள். மேரி லுண்டபெர்க்கும் அவருடைய சகாக்களும் 1994இல் கண்டதும் இதுதான்: இரு பாலாரும் சற்றுக் கூடுதலாகவே தம்மை நம்புகிறார்கள், ஆனால் விடை பிழையாக இருக்கும் இடத்தில் ஆண்களின் நம்பிக்கை தனித்துத் தெரிகிறது. அந்தத் தாளை நான் கசக்கி எறியாமல் வைத்திருக்கிறேன்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, தாளில் இவ்வளவு நுட்பமாகக் காட்டிய விடயத்தைக் கைவேலை தொடங்கியதும் கராஜ் மறந்துவிடுகிறது. மூன்று பம்ப்களுக்கு நாங்கள் மூன்று குழுக்கள். எங்கள் குழுவில் மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஸ்பனர்கள் ஆண்களின் கையிலும் ரோச் லைற்றும் நட்டுப் போடும் தட்டும் பெண்களின் கையிலும் இருந்தன. ஒருவரும் திட்டமிடவில்லை, நானும் அந்த மூவரில் ஒருவன், மத்தியானம் வரையில் அதைக் கவனிக்கவே இல்லை. உதவிக்கு நின்ற இளம் மெக்கானிக், தங்கை கேட்ட கேள்விகளுக்குக்கூட என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். பின்னேரம் அவள் தட்டை என்னிடம் தந்துவிட்டு ஸ்பனரை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் அவளுடைய புள்ளி இரண்டில் இருந்து ஆறுக்குப் போயிற்று. எழுதவைப்பது ஆண்களின் புள்ளியைச் சரியான இடத்துக்கு இறக்குகிறது. பெண்களின் புள்ளியை ஏற்றுவதற்கு எழுத்துப் போதாது, ஸ்பனர் கைக்கு வரவேண்டும். குழு பிரிக்கும்போது இதை யோசித்திருக்கலாம்.

கையேடு வேறு ஒரு துன்பம். எங்கேயோ மொழிபெயர்த்ததை அப்படியே போட்டோக்கொப்பி எடுத்திருக்கிறார்கள். அதில் "உறிஞ்சும் தலை" என்று ஒரு சொல் மூன்று பக்கங்களில் வருகிறது. பம்ப்புக்குக் கீழே நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கே அரை நாள் பிடித்தது. உரிமையாளர் வாயால் சொல்வதை யாராவது எழுதி எடுத்தால் அதைவிட நல்ல கையேடு கிடைக்கும். கராஜுக்குள் ஒரே ஒரு மின்விசிறி. பங்குனி மாதம் போகிறவர்கள் துவாய் கொண்டுபோகவும். சாப்பாடு நன்று.

மண்ணெண்ணெய் பற்றிய பாடத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மோட்டார் சைக்கிள்களையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அன்று எங்களில் பலருக்கு அது கைவந்த வித்தை. காரணம் கேட்டால் சூடேறவேண்டும் என்பதோடு நின்றுவிடுவோம். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது, ஆவியாகாதது காற்றோடு கலந்து எரியாது, ஆகவே இயந்திரம் முதலில் பெற்றோலில் சூடாகவேண்டும்; நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினால்தான் அடுத்த நாள் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்காது. இந்தக் கடைசிப் படியைப் பதினான்கு பேரில் தவறாமல் செய்துவந்தவர் ஒரே ஒருவர், தருமபுரத்தில் இருந்து வந்த ஒரு அம்மா. காரணத்துக்கு அவர் போட்டிருந்த புள்ளி ஒன்று.

வகுப்பு முடிந்து ஒரு மாதத்துக்குப் பின் தங்கையின் பம்ப் காலையில் நீர் எடுக்க மறுத்தது. அவள் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. குழாயை மேலே இழுத்து, புட்வால்வுக்குள் சிக்கியிருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, நீர் ஊற்றி இயக்கிவிட்டுப் பின்னேரம்தான் சொன்னாள். அந்த ஒரு நாளே கட்டணத்தில் பாதியைத் தந்துவிட்டது என்பது அவளுடைய கணக்கு.

பம்ப் வைத்திருக்கும் பெண்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். பம்ப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்கும் ஆண்களுக்கு அதைவிடக் கூடுதலாகச் சொல்வேன், ஆனால் அவர்கள் வரமாட்டார்கள். அடுத்தது சிறுபோக அறுவடைக்குப் பின் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கான வகுப்பு. கட்டணம் 5,000 ரூபா. தங்கை பெயர் கொடுத்துவிட்டாள். பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு இயந்திரமும் ஒரு குழுவும் தரமுடியுமா என்று அவளே உரிமையாளரிடம் கேட்டிருக்கிறாள். ஆறு பேர் சேர்ந்தால் தரலாம் என்றாராம். இதை எழுதும்போது நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.